தோடர் சமயம்

நீலகிரி மேட்டுநிலத்தில் எருமை மேய்த்து வாழும் தோடர் என்னும் சிறு குடியினரின் வழிவழிச் சமயம். பால் கறத்தல், உறையிடுதல், கடைதல் ஆகிய அன்றாடத் தொழில்களையே வழிபாடாகவும், பாற்கூடத்தையே ஆலயமாகவும், கறப்பவனையே பூசகனாகவும் கொண்டிருப்பது இதன் தனித்தன்மை. இதற்கு வேதநூலும் இல்லை. இதை நிறுவினார் என்று சுட்டத்தக்க ஆசாரியரும் இல்லை.

பழங்குறிப்புகள்: போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகன் புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டதாகக் கூறும் 1117-ஆம் ஆண்டுச் சாசனம், இவர்களைப் பெயர் சுட்டிக் குறிக்கும் பழைய சான்றாகும். அதற்கடுத்த ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகளுக்கு எழுத்துச் சான்று கிடைப்பது அரிது. மலைமேல் பழைய கிறிஸ்தவ மரபினர் சிலர் வாழ்வதாகக் கேள்வியுற்று 1603-ல் மலையாளக் கரையிலிருந்து ஏறிச் சென்ற இயேசு சபைப் பாதிரியார் பெனீசியோ, தாம் தேடியவரைக் காணாது தோடரைக் கண்டு, அவர்கள் எருமையை வணங்குவதாக எழுதினார். எருமையே இங்குத் தெய்வமா, அன்றித் தெய்வத்தின் உடைமையாக மட்டும் போற்றப்படுவதா என்பதில் பிற்கால ஆராய்ச்சியாளர் ஒருமித்த கருத்தினர் அல்லர். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறிய பின் வெள்ளையர் வரவு பெருகியது. ஹார்க்னெஸ் (1832), பிரீக்ஸ் (1873) முதலியோர் தோடரைப் பற்றி நூல்கள் இயற்றினர்.

ரிவர்ஸ் ஆராய்ச்சி: இச்சமயம் பற்றி இன்று அறியப்படுவனவற்றுள் பெரும்பகுதி, கேம்பிரிட்ஜ் அறிஞர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901–02-ல் சில மாதங்கள் மலையில் தங்கித் திரட்டி, 1906-ல் எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாக வெளியிட்ட செய்திகளே. அப்பொழுது தோடர் தொகை எண்ணூறுக்குச் சற்று முன்பின்னாக இருந்தது. தார்தார், தெய்வலி என்னும் இரு பெரும் பிரிவினராகவும், அவற்றுள் பல குலத்தினராகவும் வகுக்கப்பட்டிருந்த இவர்களின் ஒவ்வொரு மந்திலும் (சிற்றூரிலும்) குடியிருப்புக் குடிலுக்கு அப்பால் பாற்கூடம் தனித்து நின்றது. பாற்கூடங்கள் எல்லாம் ஒரு தரத்தன அல்ல. சாதாரண எருமைகளுக்குரிய கூடம் முதல், ‘தி’ எனப்படும் மிகப் புனிதமான மந்தைக்குரிய கூடம் வரை படிப்படியாக உயர்ந்து, படி உயருந்தோறும் பூசகன் காக்கவேண்டிய நியமங்களும் கடுமையாயின. ‘தி’யின் பூசகனாகிய பலோல், கருநிறத் துணி உடுத்து, பிரமசரியம் காத்து, பிறர் தீண்டாவண்ணம் விலகி வாழ்ந்தான்; இழவு வீட்டிற்குச் சென்றால் பதவியை இழந்தான். பெண்டிர் பாற்கூடத்தினுள் புகலாகாது. மோர் பெறவும் அவர்களுக்கென வரையறுக்கப்பட்ட வழியிலேயே வருதல் வேண்டும்.

கூடத்தின் உட்பகுதியில் புனிதக் கலங்களும், புறப்பகுதியில் வெளியார்க்குச் செல்லும் மோரும் நெய்யும் பெறும் கலங்களும் இருந்தன. உட்கலத்திலுள்ளதை நேரே புறக்கலத்தில் வார்த்தல் கூடாதாகையால், இரண்டிற்கும் இடையே மூன்றாவது கலம் ஒன்று வைக்கப்பட்டு, அதன் வாயிலாகவே பொருள் கைமாறியது. முந்திய கடைசலினின்று எடுத்து வைத்த மோரே அடுத்த பாலுக்கு உறையாகும். இவ்வாறு ஒரு கூடத்தின் உறைமோர், தலைமுறை தலைமுறையாக அறுபடாது வந்துகொண்டிருந்தது. தீட்டு முதலிய காரணங்களால் அது கெட்டுவிடுமாயின், வேறொரு கூடத்தின் உறைகொண்டு, உரிய சடங்குகளுடன் புதிய மரபு தொடங்கப்பட்டது. பெரும்பாலும் நாவற்ற பழைய மணிகள் சில தெய்வத்தன்மை உடையனவாகக் கருதப்பட்டு, அவற்றின்மீது பால் தடவப்பட்டது. ஒலிக்காத அம்மணிகளுக்குக் காட்டப்பட்ட மரியாதையை ரிவர்ஸ் விரிவாகவே வருணிக்கிறார்.

பிரார்த்தனை இரு பகுதியது. மலை, ஓடை, பட்டி, கலம், எருமை ஆகியவற்றிற்கெல்லாம் வழக்குப் பெயரின் வேறாகிய புனிதப் பெயர்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி, ‘இவற்றின் பொருட்டு’ என முடித்தல் முதற்பகுதி. எருமையும் கன்றும் நலமுறுக, நோய் அணுகாதிருக்க, புலி அடாதிருக்க, மழை பெய்து புல் தழைக்க என வேண்டுதல் இரண்டாம் பகுதி. சொற்கள் தொண்டைக்குள்ளேயே ஒலிக்கப்பட்டமையால் அருகிலிருப்பவருக்கும் விளங்கவில்லை. ரிவர்ஸுக்கு மறைபொருள் உரைத்தவர்களுக்கு அடுத்தடுத்து நேர்ந்த துன்பங்களைத் தெய்வக் குற்றமாகத் தோடர் கொண்டதனால், அதன்பின் அவருக்குச் செய்தி கிடைப்பது கடினமாயிற்று. அவருடைய நூலில் காணும் இடைவெளிகள் சிலவற்றிற்கு இது காரணமாகலாம்.

தெய்வங்களும் மறுமையும்: தெய்வங்கள் மலைச் சிகரங்களில் மனிதரைப் போலவே எருமை வளர்த்து வாழ்வதாக நம்பிக்கை. ஓன் என்னும் தெய்வம் குந்தா மலைமேல் நின்று மண்ணிலிருந்து 1,600 எருமைகளையும், அவன் மனைவி 1,800 எருமைகளையும் தோற்றுவித்ததாகவும், ஓனின் கடைசி எருமையினது வாலைப் பற்றிக்கொண்டு முதல் தோடன் வெளிவந்ததாகவும், அவனது விலா எலும்பினின்று முதற் பெண் படைக்கப்பட்டதாகவும் ஐதிகம். இறுதிச் செய்தி பாதிரிமார் தொடர்பால் புகுந்ததோ, பழமையானதோ என்பது துணியக்கூடியதன்று. மகனை இழந்த ஓன், அவனைப் பின்பற்றி மேற்கிலுள்ள அம்நோர் என்னும் இறந்தோர் உலகுக்குச் செல்ல, அவனுடைய உடன்பிறந்தாளாகச் சொல்லப்படும் தெய்கிர்சி இவ்வுலக ஆட்சியை ஏற்றாள்; குலங்களும் எருமைகளும் வகுக்கப்பட்டது அவளாலே என்பர். ஈமச்சடங்கில் எருமை பலியிடப்பட்டது. பலியின் எண்ணிக்கையை ஆங்கில அரசு குறைத்தது. அம்நோருக்குச் செல்லும் உயிர், ஆற்றின் குறுக்கே கட்டிய நூற்பாலத்தைக் கடக்க வேண்டும். தன்னலமிகளும் பொறாமையுடையோரும் பாற்கூட நியமம் பிழைத்தோரும் கீழே விழுந்து அட்டைக்கடி பட்டு, சிலகாலம் கழித்தே அங்குச் சேர்வர். முடிவில்லாத நரகம் இல்லை. அம்நோரில் நடந்து நடந்து முழங்கால்வரை தேய்ந்தவர்களை ஓன் மீண்டும் மண்ணுலகிற்கு அனுப்புவான்.

தோற்றம்: தோடர் மலையாளப் பகுதியினின்று வந்தவர் என்பது ரிவர்ஸ் கொள்கை. தெய்வப் பெயர்களைக் கொண்டு சுமேரியத் தொடர்பு காண முயன்றார் கிரேக்க இளவரசர் பீட்டர்; அது பொதுவாக ஏற்கப்படவில்லை. தோடமொழி திராவிடக் குடும்பத்தது என்பதை எம். பி. எமனோவின் ஆய்வுகள் ஐயமற விளக்கினவெனினும், மொழியின் வரலாறே சமயத்தின் வரலாறும் ஆகுமென்று கொள்வதற்கில்லை.

பிற்காலம்: இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ‘தி’ மந்தைகளும் பலோல் பதவியும் வழக்கொழிந்தன. தேயிலைத் தோட்டங்களும் அயல்மரக் காடுகளும் புல்வெளியைக் குறைத்தன. சிலர் கிறிஸ்தவம் தழுவினர். கீழ்த்தரப் பாற்கூடங்கள் சில இன்னும் இயங்குகின்றன. உதகமண்டலத்தை அடுத்த முத்தநாடு மந்தில், கூம்பு வடிவக் கோவிலின் முன் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஆடவர் கூடி மொற்பர்த் விழாக் கொண்டாடுகின்றனர்.