தமிழ் வலைத்தள உருவாக்கத்தில் கருவித் தேர்வு: குறியாக்கமும் எழுத்துருவும் (1995–2010)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் வலைத்தளங்களின் தொடக்கக் காலத்தில் அவற்றை உருவாக்கியோர் எக்குறியாக்கத்தையும் எவ்வெழுத்துருவையும் தேர்ந்தனர், ஏன் தேர்ந்தனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அத்தேர்வைத் தீர்மானித்தது குறியாக்கத்தின் தகுதியன்று, வாசகரின் கணினியே என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

திறவுச்சொற்கள்: திஸ்கி, ஒருங்குறி, இயங்கு எழுத்துரு, இணைய ஆவணக் காப்பு

முன்னுரை

தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுவோர் பலரும் 1990களை ஒருங்குறிக்கு முந்தைய குழப்பக் காலம் என்று கடந்துசெல்கின்றனர். ஆனால் ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இலேயே வெளிவந்துவிட்டது. தமிழுக்குரிய 128 இடங்களும் இஸ்கி அட்டவணையைத் தழுவி அதில் வகுக்கப்பட்டிருந்தன. நியமம் கையில் இருந்தும் வலைத்தளம் அமைத்தோர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதனை நாடவில்லை. அறியாமையே இதற்குக் காரணம் என்று கூறுவது பொருந்தாது.

எட்டுத் துணுக்குக் குறியாக்கங்கள்

சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995 அக்டோபரில் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. அன்று வலைப்பக்கம் அமைப்பவருக்கு இருந்த வழி ஒன்றுதான். ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலோ 128க்கு மேற்பட்ட எண்களிலோ தமிழ் வரிவடிவங்களை அமைத்த எழுத்துரு ஒன்றை உருவாக்கி, அதனை வாசகர் தம் கணினியில் நிறுவிக்கொள்ளுமாறு கேட்பதே அவ்வழி. ஒருங்குறித் தமிழைக் காட்டுவதற்கு எழுத்துரு மட்டும் போதாது. 'க' என்னும் எழுத்தின் பின் வரும் எகரக் குறியை அதன் முன்னே நகர்த்திக் காட்டும் பொறி இயங்குதளத்தில் இருக்கவேண்டும். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றுடன் அது தமிழுக்கு வரவில்லை. விண்டோஸ் 2000, லதா எழுத்துருவுடன் வந்த பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது.

ஆகவே பார்வை வரிசையில் எழுதும் எட்டுத் துணுக்குக் குறியாக்கங்கள் நிலைபெற்றன. மின்னஞ்சல் குழு உரையாடல்களின்வழி உருவான திஸ்கி, கீழ்ப்பாதியில் ஆங்கிலத்தையும் மேற்பாதியில் தமிழையும் வைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறியாக்கங்களை ஏற்றது. நாளிதழ்கள் பல தத்தமக்கெனத் தனித்த குறியாக்கங்களை வைத்துக்கொண்டன. ஒரே நாளில் மூன்று செய்தித்தளங்களைப் படிக்க விரும்பியவர் மூன்று எழுத்துருக்களை நிறுவவேண்டியிருந்தது.

இக்குறியாக்கங்களின் அன்றாடச் சிக்கல்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். திஸ்கியில் 'இ' என்னும் உயிரெழுத்து 173ஆம் இடத்தில் அமைந்தது. மேற்கத்திய அட்டவணையில் அவ்விடம் வரியிறுதியில் மட்டும் தோன்றும் மென்கோட்டுக்கு உரியது. அம்மரபைப் பின்பற்றிய மென்பொருள்களில் 'இ' மறைந்துபோகும் நிலை ஏற்பட்டது. அதன்பொருட்டு 254ஆம் இடமும் 'இ'க்கு ஒதுக்கப்பட்டது. பிழை எழுத்துருவிலும் இல்லை, பனுவலிலும் இல்லை. தமிழை அறியாத மென்பொருளுக்குத் தமிழ் எண்களை மேற்கத்திய எண்களாகக் காட்டி வேலை வாங்கியதன் விளைவு அது.

இயங்கு எழுத்துரு

எழுத்துருவை நிறுவுமாறு வாசகரைக் கேட்பது வீட்டுக் கணினிக்குப் பொருந்தும். 'பிரவுசிங் சென்டர்' எனப்பட்ட இணைய மையங்களில் அமர்ந்து படித்தவருக்கு அவ்வுரிமை பெரும்பாலும் இல்லை. 1997இல் வெளிவந்த நான்காம் பதிப்பு உலாவிகள் இதற்கு ஒரு தீர்வைக் கொணர்ந்தன. எழுத்துரு பக்கத்தோடு சேர்ந்தே இறங்கும். வாசகர் எதையும் நிறுவவேண்டியதில்லை. நெட்ஸ்கேப் ஒரு கோப்பு வடிவத்தையும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வேறொரு வடிவத்தையும் ஏற்றதால், உருவாக்குநர் ஒரே எழுத்துருவை இரு வடிவங்களில் ஆக்கி வழங்கியில் வைக்க நேர்ந்தது.

இத்தேர்வு வாசகர் எண்ணிக்கையைப் பெருக்கியது என்பதில் ஐயமில்லை. ஆயின் அதற்குள் ஒரு நிபந்தனை இருந்தது. உரிமக் காப்பின் பொருட்டு எழுத்துருக் கோப்பு குறிப்பிட்ட வலை முகவரியோடு பிணைக்கப்பட்டிருந்தது. பக்கத்தைத் தம் கணினியில் சேமித்துப் பின்னர் திறந்தவர் பொருளற்ற லத்தீன் எழுத்துகளையே கண்டார். நெட்ஸ்கேப்பின் வடிவம் 2000இல் வந்த ஆறாம் பதிப்பில் கைவிடப்பட்டது. மற்றைய வடிவம் எக்ஸ்புளோரரோடு நெடுங்காலம் நீடித்து, அவ்வுலாவியோடு மறைந்தது. அன்றைய வாசகரை மனத்திற்கொண்டு செய்த நேர்மையான தேர்வுதான் இது. பின்வந்த வாசகரை அது கணக்கிலெடுக்கவில்லை.

மதுரைத் திட்டம் இதற்கு மாறான வழியில் சென்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய அத்திட்டம், தனது மின்னூல்களைப் பலரும் அறிந்த குறியாக்கங்களில் வெளியிட்டு, காலம் மாறியபோது ஒருங்குறிக்கு மாற்றியது. குறியாக்க அட்டவணை வெளிப்படையாக இருந்ததால் மாற்றி எழுதுவது எவருக்கும் இயல்வதாயிற்று. பழந்தமிழ் நூல்களின் தேடுபனுவல்கள் இன்று நமக்குக் கிடைப்பதில் இம்முடிவுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஒருங்குறிக்குப் பின்

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதே காலத்தில் பரவிய வலைப்பூக்களும் ஒருங்குறியைப் பொதுவழக்காக்கின. சிக்கல்கள் அப்போது திரையிலிருந்து தரவுத்தளத்திற்கு இடம்பெயர்ந்தன. 'தமிழ்' என்னும் சொல் இலக்கணத்தில் மூன்றெழுத்து. ஒருங்குறியில் ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 வடிவில் பதினைந்து எண்மங்கள். 2004 வரை பரவலாகப் புழங்கிய மைஎஸ்கியூஎல் பதிப்புகள் புலத்தின் நீளத்தை எண்மங்களால் அளந்தன. 255 என வரையறுத்த புலத்தில் 85 தமிழ்க் குறிகளே அடங்கின. நீண்ட கட்டுரைத் தலைப்புகள் இடையில் அறுபட்டன. பிஎச்பி மொழியின் வழக்கமான சரவெட்டுச் செயலியும் எண்மங்களையே எண்ணியதால், செய்திச் சுருக்கங்களின் இறுதியில் உடைந்த எழுத்தொன்று கேள்விக்குறியாய் நின்றது.

அகரவரிசை மேலும் தொல்லை தந்தது. ஒருங்குறியில் 'ன' என்பது 'ந'வை அடுத்தும், 'ற' என்பது 'ர'வை அடுத்தும், 'ஜ' என்பது 'ச'வை அடுத்தும் வருகின்றன. குறியெண்ணைக் கொண்டு வரிசைப்படுத்திய சொற்பட்டியல் எந்தத் தமிழ் அகராதியோடும் பொருந்தாது. 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சீர்மை செய்யாத தேடலுக்கு இரண்டும் வேறு. இலக்கியத் தரவகங்களில் சொல்லெண்ணிக்கை எடுப்போர் இதனை முதலிலேயே சரிபார்த்துக்கொள்ளுதல் நலம்.

இக்குறைகளைக் காட்டி உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் டேஸ்-16 குறியாக்கம் முன்மொழியப்பட்டது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது. மொழியியல் நோக்கில் அதன் வாதம் வலிமையானதே. எனினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்ததால், அதற்கெனச் செய்த எழுத்துரு இல்லாத கணினியில் வெற்றுக் கட்டங்களே தெரியும். பொதுவாசகருக்கான வலைத்தளம் அமைப்போர் அதனைத் தேர்ந்தெடுக்க இயலாமற் போனது 1990களில் ஒருங்குறி ஒதுக்கப்பட்ட அதே காரணத்தால்தான்.

காப்பகப் பக்கங்கள்

இணையக் காப்பகங்களில் 1997–2003 காலத் தமிழ்ப் பக்கங்கள் பல கிடைக்கின்றன. அவற்றின் எண்மங்கள் அழியாமல் உள்ளன. ஆனால் எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்னும் செய்தி பனுவலில் இல்லை, எழுத்துருக் கோப்பில் இருந்தது. அக்கோப்பு சேமிக்கப்படாத இடங்களில், பக்கத்தின் மூலநிரலில் எஞ்சியிருக்கும் எழுத்துருவின் பெயரே ஆய்வாளருக்குக் கிடைக்கும் முதல் தடயம். அவ்வெழுத்துரு பழைய குறுவட்டிலோ தனியார் சேகரிப்பிலோ அகப்பட்டால் அட்டவணையை மீட்டுப் பனுவலை ஒருங்குறிக்கு மாற்றலாம். அகப்படாதபோது அடிக்கடி வரும் எண்களைப் புள்ளி, கால், 'க', 'த' என ஊகித்து, தெரிந்த சொற்களைக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக அட்டவணையை அமைக்கவேண்டும். கல்வெட்டுப் படிப்போர் பழகிய இம்முறை, இருபத்தைந்து ஆண்டுகளே கடந்த பக்கங்களுக்கும் இப்போது தேவைப்படுகிறது.