வானொலி உடற்பயிற்சி (யப்பான்)

வானொலி உடற்பயிற்சி என்பது யப்பானில் வானொலியில் ஒலிக்கும் பியானோ இசைக்கும் அறிவிப்பாளரின் குரலுக்கும் ஏற்பப் பலர் கூடிச் செய்யும் உடற்பயிற்சி முறையாகும். யப்பானிய மொழியில் இது ராஜியோ தைசோ எனப்படும். பள்ளிச் சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரும் ஒரே பயிற்சியைச் செய்வது இதன் சிறப்பு.

தோற்றம்

1925 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் வானொலியில் காலை உடற்பயிற்சியை ஒலிபரப்பத் தொடங்கியது. காப்பீடு செய்தோர் நெடுநாள் வாழ்ந்தால் நிறுவனத்துக்கும் ஆதாயமே. யப்பானில் அக்காலத்தில் எளியோருக்கான ஆயுள் காப்பீட்டை அஞ்சல் துறை நடத்தி வந்தது. அத்துறையினர் அமெரிக்க முயற்சியைக் கண்டு, பேரரசர் இறோகித்தோவின் முடிசூட்டு விழாவை ஒட்டி, 1928 நவம்பர் 1 அன்று வானொலி வழியே இப்பயிற்சியைத் தொடங்கினர்.

போரும் தடையும்

இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்வது உடல் நலத்துக்கு மட்டுமன்றி அணிவகுப்புக்கும் ஏற்றது. போர்க்கால அரசு மக்களிடையே கட்டுப்பாட்டை வளர்க்க இதனைப் பயன்படுத்தியது. யப்பானிய ஆட்சியில் இருந்த கொரியாவிலும் தாய்வானிலும் இது பரப்பப்பட்டது. இதனால் 1945 ஆம் ஆண்டுத் தோல்விக்குப் பின்னர் நேச நாடுகளின் நிருவாகம் இதனை ஐயத்துடன் நோக்கியது. 1946 இல் மாற்றியமைக்கப்பட்ட பயிற்சியும் 1947 இல் நின்றுபோனது. 1951 இல் புதிய அசைவுகளுடனும் புதிய இசையுடனும் ஒலிபரப்பு மீண்டும் தொடங்கியது.

பயிற்சிகள்

1951 இல் வந்த முதற் பயிற்சியே இன்றும் வழங்குகிறது. இதில் 13 அசைவுகள் உள்ளன. செய்து முடிக்க மூன்று நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகும். கைகளை மேலே உயர்த்துவதில் தொடங்கி, குனிதல், திரும்புதல், குதித்தல் ஆகியவற்றைக் கடந்து மூச்சுப் பயிற்சியில் முடியும். 1952 இல் வந்த இரண்டாம் பயிற்சி பணியிடங்களில் உள்ளோருக்கானது, சற்றுக் கடினமானது.

மூட்டு வலி உள்ளவர்கள் குதிப்பது எளிதன்று. இக்குறை நெடுங்காலம் இருந்தது. 1999 இல் முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் கருத்திற்கொண்டு மூன்றாவது பயிற்சி உருவாக்கப்பட்டது. இதனை நாற்காலியில் அமர்ந்தபடியும் செய்யலாம்.

போதுமான அளவு

உலக சுகாதார அமைப்பின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி வயது வந்தோர் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். நாளும் பத்து நிமிடம் எனக் கொண்டால் வானொலிப் பயிற்சி 70 நிமிடங்களே ஆகிறது. எனவே நடை போன்றவற்றுக்கு இது மாற்றாகாது. ஆயினும் திடலும் கருவியும் கட்டணமும் வேண்டாத ஒன்றை எண்பது வயதிலும் விடாமல் செய்ய முடிவதைக் குறைவாக மதிப்பிடலாகாது.

வழக்கம்

ஒலிபரப்பு காலை 6.30 மணிக்குத் தொடங்கிப் பத்து நிமிடம் நீடிக்கும். பூங்காக்களில் முதியோர் வானொலிப் பெட்டியுடன் கூடுவர். தொழிற்சாலைகளிலும் கட்டுமானப் பணியிடங்களிலும் வேலை தொடங்குமுன் இதனைச் செய்யும் வழக்கம் உண்டு. கோடை விடுமுறையில் சிறுவர்கள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, பயிற்சி முடிந்ததும் அன்றைய கட்டத்தில் முத்திரை பெற்றுச் செல்வர். சிறுவர் தொகை குறைந்ததாலும், காலை ஒலி பற்றி அயலார் குறைகூறுவதாலும், சில ஊர்களில் இந்தக் கோடைக் கூடல் ஒருசில நாட்களாகச் சுருங்கிவிட்டது.