கங்காரு வாலும் மூன்று இழைகளும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போனில், "சார், கொலாஜன் பவுடர்னு விளம்பரம் வருதே, அது என்ன சார்?" என்று கேட்டாள். பவுடரைப் பற்றி டாக்டரைக் கேளம்மா என்றேன். ஆனால் கொலாஜன் என்ற புரதத்தின் வடிவத்தைக் கண்டு சொன்னது நம் சென்னை என்பது அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேவைப்பட்டார். துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் சர் சி.வி. ராமனைக் கேட்டார். ராமன் தம் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைக் கைகாட்டினார். அவருக்கு அப்போது வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும்.

எதை ஆராய்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த வேளையில், லண்டன் விஞ்ஞானி பெர்னல் சென்னைக்கு வந்தார். கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கி நிற்பது அந்தப் புரதம்தான். அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது வசதியாகப் போயிற்று. கங்காரு வாலின் தசைநாண் நல்ல மாதிரியாக அமைந்தது.

எக்ஸ் கதிர் எதற்கு? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலை, அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நீளம். எக்ஸ் கதிரின் அலைநீளமோ ஏறக்குறைய ஒரு ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒரு சென்டிமீட்டரில் 10 கோடியில் ஒரு பங்கு. அணுக்களின் இடைவெளியும் அதே அளவுதான். அதனால் கதிர் அணுக்களில் பட்டுச் சிதறும்போது, சில திசைகளில் அலைகள் சேரும், சில திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிலிமில் விழுவது படம் அல்ல, புள்ளிகள். எந்த அமைப்பு இந்தப் புள்ளிகளைத் தரும் என்று மனத்தில் கட்டி, கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டும்.

ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதைச் செய்தார்கள். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின், அமினோ அமிலங்களிலேயே சிறியது. மூன்று இழைகள் சேர்ந்திருந்தால் நடுவில் இடம் மிகக் குறுகல். அங்கே கிளைசின்தான் நுழைய முடியும். மூன்றுக்கு ஒன்று ஏன் கிளைசின் என்ற கேள்விக்கு அதுவே விடை. 1954-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மூன்று இழைகளும் கயிறுபோல முறுக்கிக்கொண்டவை என்று 1955-ல் திருத்தினார்கள்.

அதே 1955-ல் எதிர்ப்பும் வந்தது. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும், ரிச் என்பவரும், உங்கள் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்றார்கள். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்றது சென்னை. ஒன்றுதான் என்றார்கள் அவர்கள். பிணைப்பு விஷயத்தில் அவர்கள் பக்கமே பின்னாளில் நிலைத்தது. ஆனால் முறுக்கிய மூன்று இழைகள் என்ற சென்னையின் அடிப்படை அசையவில்லை.

ராமச்சந்திரன் மனம் கசந்து உட்காரவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று கேட்டார். அதுவரை வெளிவந்த படிக ஆய்வுகளை எல்லாம் சசிசேகரனோடு சேர்ந்து துருவி, குறைந்தபட்சத் தூரங்களைத் திரட்டினார். புரத இழை ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கோணங்களில் திரும்பலாம். எந்தக் கோணங்களில் அணுக்கள் மோதாது என்று ராமகிருஷ்ணனும் சேர்ந்து கணக்கிட்டு, ஒரே வரைபடமாக 1963-ல் வெளியிட்டார்கள். 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகம் அதை அழைக்கிறது. இன்றும் புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தால், அது சரியா என்று அதில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

குறை சொன்னவர்கள் இல்லையென்றால் அந்த வரைபடம் பிறந்திருக்குமா என்று யோசிக்கிறேன்.

ஒருமுறை கரும்பலகையில் நான் போட்ட கணக்கு தவறு என்று பையன் ஒருவன் எழுந்து சொன்னான். "உட்காருடா" என்று அடக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. மறுநாள் திருத்திப் போட்டேன். அவன் பெயரைச் சொல்லவில்லை. அந்த மாணவன் இதைப் படித்தால், தாமதமான நன்றியை ஏற்றுக்கொள்ளப்பா.