தூசி மட்டும்தானா? காங்கிரஸ் செடியின் கதை

எங்க ஊர் ராபர்ட்சன்பேட்டையில் யாராவது விடாமல் தும்மினாலும் சரி, கழுத்தைச் சொறிந்தாலும் சரி, ஒரே தீர்ப்புதான்: "எல்லாம் சயனைட் தூசி!" தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய அரைத்த மண்ணைக் கொட்டிக் கொட்டி உருவான மேடுகள் அவை. மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேல் இருக்கும். காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி வீட்டுக்குள் படியும். அதனால் ஊர்க்காரர்கள் அதைக் குற்றம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே காற்றில் இன்னொரு ஆசாமியும் வருகிறான். அவனைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். அது ஆள் பார்க்காது. எவ்வளவு தூசி, எத்தனை வருஷம் என்பதுதான் கணக்கு. 1940களில் கோலார் தங்கவயல் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது சிலிக்கோசிஸ் எந்த அளவுக்குப் பரவியிருந்தது என்பது வெளியே வந்தது. இந்தியாவில் அந்த நோய் பற்றிய ஆரம்பகாலப் பதிவுகளில் அது முக்கியமானது.

அலர்ஜி அப்படியல்ல. அது ஆள் பார்த்து வரும். அளவு துளியாக இருந்தாலும் போதும்.

1902இல் பிரான்ஸில் சார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்ற இருவர் கடல் அனிமோன் என்ற உயிரினத்தின் விஷத்தை நாய்களுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பழகினால் எதிர்ப்புச் சக்தி வரும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவைக் கொடுத்ததுமே, முதல் தடவை தாங்கிய நாய் சில நிமிஷத்தில் தவித்துச் செத்தது. இதற்காக ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. 'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளமென்ஸ் ஃபான் பிர்கே. உடம்பு ஒரு பொருளைச் சந்தித்த பிறகு அதனிடம் நடந்துகொள்ளும் விதமே மாறிப்போகிறது என்பதுதான் அவர் சொன்னது. எத்தனையோ வருஷம் ஒன்றும் செய்யாத பொருள் திடீரென்று ஆகாமல் போவது இதனால்தான்.

1963இல் ஜெல், கூம்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் இந்த மிகையான எதிர்வினைகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். நமக்கு இங்கே இரண்டு போதும். முதல் வகையில் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் வேலை செய்கிறது. நிமிஷக் கணக்கில் தும்மல், மூச்சிரைப்பு, தடிப்பு வரும். நான்காவது வகையில் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் வேலை செய்கின்றன. தொட்ட அன்று ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தோல் சிவந்து, அரித்து, கொப்பளிக்கும்.

இந்த இரண்டையும் ஒரே செடி செய்யும் என்றால் நம்புவீர்களா? செய்கிறது. அதுதான் பார்த்தீனியம். கர்நாடகாவில் எல்லோரும் சொல்லும் பெயர் காங்கிரஸ் செடி. குல்லாய் போன்ற வெள்ளைப் பூவால் வந்த பெயர் என்பார்கள். அதன் மகரந்தம் மூக்கில் ஏறினால் முதல் வகை. செடியில் உள்ள பார்த்தெனின் என்ற பொருள் தோலில் பட்டால் நான்காவது வகை. காய்ந்த செடியின் தூள் காற்றில் பறந்து வந்தாலும் போதும், தொடவே வேண்டாம். கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று துணி மூடாத இடங்களில் பிடிக்கும். தங்கவயலில் தூசியும் இதுவும் ஒன்றாகிப் போவது இங்கேதான்.

செடி எப்படி வந்தது? பி.எல். 480 கோதுமையோடு வந்தது என்று எல்லோரும் சொல்வோம். தேதியைப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. இந்தியாவோடு அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 ஆகஸ்டில். புனேயில் செடி கண்ணில் பட்டதோ 1955இல். அதற்கு முன்பும், 1951 கடனுதவியில், அமெரிக்க கோதுமை வந்திருக்கிறது. அதையும் தாண்டி, ராக்ஸ்பர்க் 1814இல் வெளியிட்ட கல்கத்தா தாவரத் தோட்டப் பட்டியலிலேயே இதன் பெயர் இருக்கிறது. ஆக, ஒரே கப்பல் மேல் பழி போட முடியாது.

1975இல் கர்நாடக அரசு இதைத் தீங்கான களை என்று அறிவித்தது. 1984இல் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த ஒரு வண்டை பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் அது இலையைத் தின்று தீர்க்கிறது. ஆனாலும் செடி போகவில்லை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியது. ஆள் நடமாட்டம் குறைந்த காலி நிலம் என்றால் இந்தச் செடிக்குக் கொண்டாட்டம்தான்.

என் ஆதங்கம் இதுதான். சிலிக்கோசிஸ் சட்டப்படி தொழில் நோய். போராடியாவது நஷ்டஈடு கேட்க ஒரு முதலாளி உண்டு. வெறுங்கையால் இந்தக் களையைப் பிடுங்கும் கூலிப் பெண்ணுக்குத் தோல் வெடித்தால் யாரிடம் கேட்பாள்? "தூசி அலர்ஜி" என்று சொல்லி மெடிக்கல் ஷாப்பில் ஒரு செட்ரிசின் வாங்கிப் போடுவாள். அது தும்மலுக்குக் கேட்கும். இந்தத் தோல் நோய்க்கு அது மருந்தில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க முதுகில் ஒட்டி இரண்டு நாள் வைக்கும் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. தோல் மருத்துவர் செய்வார். அதுவரை கையுறை, முழுக்கைச் சட்டை, வேலை முடிந்ததும் குளியல். பிடுங்கிய செடியை எரித்துப் புகையில் நிற்கக் கூடாது.

இது ஊரோடு முடிகிற விஷயமும் இல்லை. சாமந்தி, சூரியகாந்தி எல்லாம் இதே குடும்பம். பார்த்தீனியம் ஆகாதவருக்குச் சாமந்தி மாலையும் ஆகாமல் போகலாம். இங்கே அமெரிக்காவில் ஆகஸ்ட், செப்டம்பரில் பூக்கும் ராக்வீடும் அதன் நெருங்கிய சொந்தம்தான். நம் பக்கத்திலிருந்து வந்து, அந்த மாதங்களில் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிபவர்கள் டாக்டரிடம் பார்த்தீனியம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவர் அந்தப் பெயரைக் கேள்விப்படாமலும் இருக்கலாம்.