கை மாறிய பட்டியல்

அரச உதவிப்பணத்துக்கு எங்கட கிழக்கில் இன்றும் வழங்கும் பெயர் 'பிச்சைச் சம்பளம்'. அரச கடிதங்கள் அதை 'பொதுசன உதவிப்பணம்' என்று எழுதும். உம்மம்மாமார் அதைக் காதில் வாங்குவதில்லை. அந்தப் பெயர் நிலைத்து நின்றது. கொடுக்கிற கைதான் மாறிக்கொண்டே வந்தது.

1939ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வறியோர் கட்டளைச் சட்டம் இந்தப் பொறுப்பைக் கொழும்பு, கண்டி, காலி மாநகர சபைகளிடம் கொடுத்தது. ஏனைய ஊர்களுக்குக் கச்சேரிதான். 1948இல் சமூக சேவைகள் திணைக்களம் வந்தது. அப்போதும் ஊர்ச் சனத்துக்கு முகம் தெரிந்தவர் விதானையார் ஒருவரே. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு சமூக சேவை மாகாண சபைகளின் கைக்குப் போனது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிசையும் ஓடியது: 1942இல் அரிசிக் கூப்பன், 1979இல் உணவு முத்திரை, 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி. ஒவ்வொன்றுக்கும் வேறு கந்தோர், வேறு பட்டியல். ஒவ்வொரு மாற்றத்திலும் ஏழை தன் ஏழ்மையை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 'லிஸ்டில பேர் விழுந்ததா?' என்பதுதான் ஊரில் கேள்வி.

2012இல் சமுர்த்தி அதிகார சபை, தென் அபிவிருத்தி அதிகார சபை, உடரட்ட அபிவிருத்தி அதிகார சபை ஆகியவற்றை ஒரே திணைக்களமாக்க திவிநெகும சட்டமூலம் வந்தது. மாகாண சபைகளுக்குரிய விடயங்களை இது தொடுகிறது, எனவே அவற்றிடம் அனுப்ப வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். அப்போது கிழக்கின் முதலமைச்சர் ஒரு முஸ்லிம். எங்கட கிழக்கு மாகாண சபை அதற்கு ஆதரவாகவே கை உயர்த்தியது. தனக்குக் கிடைத்த கொஞ்ச அதிகாரத்தையும் ஒரு சபை தானே மத்திக்குத் திருப்பிக் கொடுத்ததை நம்மவர் இன்னும் சரியாக எழுதிவைக்கவில்லை என்பது என் எண்ணம். 2013இல் சட்டம் நிறைவேறியது. அந்தச் சர்ச்சையோடு பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவின் பதவியும் போனது. 2015க்குப் பின் திணைக்களத்துக்குப் பழையபடி சமுர்த்தி என்றே பெயர்.

2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம் இருபது வருஷம் தூங்கிக் கிடந்தது. 2023இல் அஸ்வெசும அதன் கீழ் வந்தது. பட்டியல் இப்போது நலன்புரி நன்மைகள் சபையிடம். கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று பார்த்துப் புள்ளி போட்டு, 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை நேரே வங்கிக்கு அனுப்பினார்கள். இடையில் கை நீட்டுகிறவர்கள் குறைந்தது நல்லதுதான். ஆனால் பெயர் வெட்டுப்பட்ட விதவை முன்பு விதானையார் வீட்டுத் திண்ணையிலாவது நின்று கேட்டாள். இன்று மேன்முறையீட்டுப் படிவத்தோடு பிரதேச செயலகத்துக்குப் போனால், அங்கே வரும் பதில்: 'நாங்க வெட்டல்ல, கொம்பியூட்டர்தான் வெட்டின.'