பணிப்பட்டியலில் மீள்நிகழ் பணிகள்: ஒரு வரலாறு

மீள்நிகழ் பணி என்பது, ஒருமுறை செய்து முடித்ததும் பட்டியலிலிருந்து நீங்கிவிடாமல் குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் வந்து நிற்கும் பணியாகும். நாள்தோறும் மருந்து உட்கொள்வது, மாதந்தோறும் வாடகை செலுத்துவது, ஆண்டுதோறும் வாகனக் காப்பீட்டைப் புதுப்பிப்பது ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இன்றைய பணிப்பட்டியல் செயலிகளில் இது ஒரு சிறு பொத்தானாக மட்டுமே தெரிகிறது. ஆனால் அதன் பின்னே ஒரு சிக்கலான கேள்வி உள்ளது. ஒரு முறை தவறிவிட்டால் என்ன செய்வது? தவறியதையும் சேர்த்து இருமுறை செய்வதா, அதை விட்டுவிடுவதா, அல்லது செய்து முடித்த நாளிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்குவதா? இக்கேள்விக்குப் பல்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளே மீள்நிகழ் பணிகளின் வரலாறு எனலாம்.

காகிதக் கோப்புகள்

கணினிக்கு முன்னர் அலுவலகங்களில் நினைவூட்டல் கோப்பு முறை வழக்கில் இருந்தது. மாதத்தின் நாள்களுக்கு 31 உறைகளும், ஆண்டின் மாதங்களுக்கு 12 உறைகளுமாக மொத்தம் 43 உறைகள் வைக்கப்படும். அன்றைய உறையைத் திறந்து, அதிலுள்ள தாள்களுக்குரிய வேலைகளை முடித்து, மீண்டும் வரவேண்டிய தாளை உரிய உறைக்குள் இட வேண்டும். டேவிட் ஆலன் 2001 இல் வெளியிட்ட பணி மேலாண்மை நூல் இம்முறையைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது. இதில் பணியைத் திரும்பக் கொண்டுவருவது மனிதக் கையே. தவறிய தாளை எந்த உறையில் இடுவது என்பதையும் அவரே முடிவு செய்தார். கணினியிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தபோதுதான் அந்த முடிவை முன்கூட்டியே விதியாக எழுத வேண்டியதாயிற்று.

நிலவில் இறங்கிய கணினி

1969 சூலை 20 அன்று அப்பல்லோ 11 விண்கலத்தின் நிலா இறங்கு கலம் தரையை நெருங்கிக்கொண்டிருந்தபோது, வழிகாட்டுக் கணினி 1202, 1201 என்னும் எச்சரிக்கை எண்களைக் காட்டியது. மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் கருவியியல் ஆய்வகம் உருவாக்கிய அக்கணினியில், அழித்தெழுதத்தக்க நினைவகம் 2048 சொற்கள் மட்டுமே. கலத்தின் நிலையைக் கணித்து இயந்திரத்தை இயக்கும் முதன்மைப் பணி 2 நொடிக்கு ஒருமுறை தொடங்கப்பட்டது. சந்திப்பு ரேடாரிலிருந்து வந்த தேவையற்ற குறிகைகள் கணினியின் நேரத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டன. இதனால் முந்தைய சுற்று முடியும் முன்பே அடுத்த சுற்று தொடங்கியது. முடியாத வேலைகள் நினைவகத்தில் குவிந்து, புதிய வேலைக்கு இடமில்லாத நிலை ஏற்பட்டது.

ஆல் லானிங் வடிவமைத்த பணி மேலாண்மை நிரல் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை எண்ணை வழங்கியிருந்தது. இடம் தீர்ந்தவுடன் கணினி தன்னை மறுதொடக்கம் செய்தது. குவிந்து கிடந்த பழைய சுற்றுகள் நீக்கப்பட்டன. இறங்குவதற்கு இன்றியமையாத வேலைகள் மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. தவறிய சுற்றுகளை ஈடுசெய்ய முயன்றிருந்தால் கணினி மேலும் பின்தங்கியிருக்கும். கடந்த நொடியின் கணக்கைவிட இந்த நொடியின் கணக்கே கலத்துக்குத் தேவைப்பட்டது.

முன்னுரிமையின் கணிதம்

சி. எல். லியூ, சேம்சு லேலண்ட் ஆகிய இருவரும் 1973 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை மீள்நிகழ் பணிகளுக்குக் கணித அடித்தளம் அமைத்தது. அதில் இரு முறைகள் ஆராயப்பட்டன. முதலாவது முறையில் குறைந்த இடைவெளியில் திரும்பி வரும் பணிக்கு உயர்ந்த முன்னுரிமை நிலையாக வழங்கப்படும். பணிகள் எத்தனை இருப்பினும், மொத்தச் சுமை கணினி நேரத்தில் ஏறத்தாழ 69 விழுக்காட்டைத் தாண்டாதவரை எந்தப் பணியும் கெடு தவறாது. இரண்டாவது முறையில் எப்பணியின் கெடு மிக அருகில் உள்ளதோ அது முதலில் செய்யப்படும். இதில் 100 விழுக்காடு வரை சுமையை ஏற்க முடியும்.

இங்கு முன்னுரிமை என்பது பணியின் முக்கியத்துவத்தைக் குறிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அடிக்கடி வரும் பணிக்கு ஒத்திப்போட இடம் குறைவு என்பதால் மட்டுமே அது முன்னால் வைக்கப்படுகிறது. கெடு வரிசை முறைக்கு ஒரு குறையும் உண்டு. சுமை அளவை மீறினால், தாமதமான ஒரு பணி அடுத்ததைத் தாமதப்படுத்த, அது அதற்கடுத்ததைத் தாமதப்படுத்தும். கெடு நாளின்படி மட்டும் வரிசைப்படுத்தப்பட்ட பணிப்பட்டியலிலும் இதுவே நேர்கிறது. நேரம் போதும்போது கெடு நாள் போதுமானது. நேரம் போதாதபோது எதை விடலாம் என்று சொல்ல வேறொரு அளவுகோல் தேவை. அப்பல்லோ கணினியில் முன்னுரிமை எண் ஆற்றிய பணி அதுவே.

கிரானும் அனாகிரானும்

பெல் ஆய்வகங்களிலிருந்து 1979 இல் வெளிவந்த யுனிக்சு இயக்குதளத்தின் ஏழாம் பதிப்பில் கிரான் என்னும் நிரல் இடம்பெற்றது. நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை ஆகிய ஐந்து புலங்களால் ஒரு பணியின் நேரத்தைக் குறிக்கும் அதன் முறை இன்றும் வழக்கில் உள்ளது. 1987 இல் பால் விக்சி எழுதிய பதிப்பு பரவலாகப் பயன்பட்டது.

கிரான் கடிகாரத்தை மட்டுமே பார்க்கும். குறித்த நிமிடத்தில் கணினி அணைந்திருந்தால் அந்தச் சுற்று அப்படியே தவறிப்போகும். இரவு பகலாக இயங்கும் வழங்கிகளுக்கு இது குறையாகப் படவில்லை. வீட்டுக் கணினிகளிலோ நள்ளிரவுக் காப்புநகல் ஒருபோதும் எடுக்கப்படாமலே போகும் நிலை உருவானது. இதற்குத் தீர்வாக வந்த அனாகிரான், பணி கடைசியாக நடந்த நாளைப் பதிந்து வைத்தது. கணினி இயங்கத் தொடங்கியதும், உரிய நாள்கள் கடந்துவிட்டனவா என்று பார்த்து வேலையைத் தொடங்கும். ஐந்து நாள் தவறியிருந்தாலும் அன்றாடப் பணியை ஒருமுறைதான் செய்யும்.

ஐகேலண்டர் தரம்

1998 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 2445 என்ற ஆவணமாக ஐகேலண்டர் தரம் வெளியிடப்பட்டது. 2009 இல் ஆர்.எஃப்.சி. 5545 அதற்கு மாற்றாக வந்தது. நிகழ்வுகளோடு பணிகளுக்கும் இதில் தனி வடிவம் உண்டு. முன்னுரிமை 0 முதல் 9 வரையான எண்ணால் குறிக்கப்படும். 1 மிக உயர்ந்தது, 9 மிகத் தாழ்ந்தது, 0 என்பது முன்னுரிமை வரையறுக்கப்படாததைக் குறிக்கும். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை போன்ற விதிகளையும் இதில் எழுத இயலும். மாதந்தோறும் 31 ஆம் நாள் என்று எழுதினால், 31 ஆம் நாள் இல்லாத மாதங்கள் விடப்படும். வாடகைக்கு இவ்விதியை எழுதியவருக்கு ஆண்டில் ஏழு முறை மட்டுமே நினைவூட்டல் வரும்.

இத்தரத்தின் மீள்நிகழ்வு விதி நாட்காட்டியைச் சார்ந்தது. பணியை முடித்த நாளிலிருந்து எண்ணும் வசதி அதில் இல்லை.

ஆர்க் மோட்

அவ்வசதியைத் தெளிவாக வகைப்படுத்திய மென்பொருள்களுள் ஒன்று ஆர்க் மோட். ஆம்சுடர்டாம் பல்கலைக்கழக வானியலாளர் கார்சுடன் டொமினிக் 2003 இல் ஈமாக்சு உரைத்தொகுப்பிக்காக இதை உருவாக்கினார். இதில் மூன்று வகை மீள்குறிகள் உள்ளன. + என்னும் குறி பழைய நாளிலிருந்து ஒரு சுற்று மட்டும் நகர்த்தும். மூன்று மாத வாடகை நிலுவையில் இருந்தால் மூன்று முறை முடித்ததாகக் குறிக்க வேண்டும். ++ என்னும் குறி தவறியவற்றைத் தாண்டி, கிழமை மாறாமல், வரவிருக்கும் அடுத்த நாளுக்குச் செல்லும். வாரச் சந்தைக்குப் போவது இத்தகையது. .+ என்னும் குறி முடித்த நாளிலிருந்து எண்ணும். குடிநீர் வடிகட்டியைத் துப்புரவு செய்வது இவ்வகையின் பாற்படும்.

தவறிய சுற்று கடனாக நிற்குமா, காலாவதியாகுமா, அல்லது எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கச் செய்யுமா என்பதைச் செயலியால் ஊகிக்க முடியாது. பணியின் இயல்பை அறிந்தவரே அதைச் சொல்ல வேண்டும். இம்மூன்றையும் பிரிக்காத செயலியில், இரு வாரம் வெளியூர் சென்று திரும்பியவர் பதினான்கு "செடிக்கு நீர் ஊற்று" வரிகளை எதிர்கொள்கிறார். அவற்றுக்கு நடுவே உண்மையில் செலுத்த வேண்டிய கட்டணம் ஒன்று கண்ணில் படாமல் போகக்கூடும்.

பிற நாட்காட்டிகள்

2015 இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 7529 எபிரேயம், சீனம் முதலான பிற நாட்காட்டிகளின்படியும் மீள்நிகழ்வு விதிகளை எழுத வழிசெய்தது. இல்லாத நாள் வந்தால் அதை விடுவதா, முன்னைய நாளுக்குக் கொண்டுவருவதா, அடுத்த நாளுக்குத் தள்ளுவதா என்று குறிப்பிடும் வசதியும் இதில் சேர்ந்தது. எனினும் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் வரும் திதி, சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோண அளவால் அமைவது. ஒரு திதிக்கு 12 பாகை. அது ஆங்கிலத் தேதியோடு ஒட்டி வருவதில்லை. செயலியில் தேதியைக் கொண்டு பதிந்தால் அடுத்த ஆண்டே நாள் மாறிவிடும். ஆகையால் ஆண்டின் தொடக்கத்தில் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாளைக் கையால் குறித்துவைக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.