தீவகத்துச் சாயவேர்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் சரவணை, வேலணை முதலிய ஊர்களைக் கொண்ட தீவினை ஒல்லாந்தர் லைடன் என்றும், காரைதீவினை அம்ஸ்ரர்டாம் என்றும் பெயரிட்டு அழைத்தனர். 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள், தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டியதோடு நில்லாது, இத்தீவுகளின் மணலுள் மறைந்து கிடந்த ஒரு செல்வத்தையும் தமதாக்கிக்கொண்டனர். அதுவே சாயவேர்.

இம்பூறல் என்றும் வழங்கும் இச்சிறு பூண்டு, கடலோர மணற்பாங்கில் தானே முளைப்பது. அதன் மெல்லிய நீண்ட வேரின் பட்டையிலேயே செந்நிறம் உறைகின்றது. பயிரிட்ட வேரினும் தானாக வளர்ந்த வேரே சிறந்ததென்று சாயக்காரர் தேர்ந்தனர். மன்னார், காரைதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களின் வேர் கம்பனியாரின் வாணிகத்தில் இடம்பெற்றது.

வேர் நல்லதாயின் நிறமும் நல்லதாகுமோ? அன்று. நூலொடு நிறத்தைப் பிணைப்பதற்கு வேறொரு பொருள் வேண்டும். சீலையைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் முதலில் தோய்ப்பர். பாலின் கொழுப்பு, பின்னர் எழுதும் கோடு பரவாமற் காக்கும். சிவப்பு வேண்டுமிடத்துப் படிகார நீரால் எழுதிச் சாயவேரில் இட்டு அவிப்பர். கருமை வேண்டுமிடத்து இரும்பைப் புளிக்கவைத்த நீரால் எழுதுவர். படிகாரம் பட்ட இடம் சிவக்கும். படாத இடத்து ஏறிய சாயம், கழுவி வெயிலில் உலர்த்த நீங்கிவிடும். சோழமண்டலக் கரையில் இருந்த கேர்து என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் சீலைக்கு வண்ணமிடும் இம்முறையை 1742இல் ஒரு கடிதத்தில் விவரித்தமையால், ஐரோப்பாவும் அதனை அறிந்துகொண்டது.

எனினும், இச்செம்மைக்குப் பின்னால் வேர் கிண்டுவோரின் வியர்வை இருந்தது. வெயிலிற் குனிந்து, மணலைக் குத்தி, அறாமல் வேரை எடுத்தல் கடினமான தொழில். அதனைச் செய்தற்கென்றே ஒரு குலத்தார் கடமைப்பட்டிருந்தனர். எடுத்த வேரை அவர்கள் விரும்பியவர்க்கு விற்றல் இயலாது. அரசு குறித்த விலைக்கு அரசுக்கே கொடுத்தல் வேண்டும். 1795இல் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்ட ஆங்கிலேயரும் இந்த ஏகபோகத்தை உடனே கைவிட்டாரல்லர். இலங்கையில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழிக்கும் ஆணை 1832இலேயே பிறந்தது.

பின்னர், 1868இல் கிரேபே, லீபர்மான் என்னும் செர்மானிய அறிஞர் இருவர், செஞ்சாயத்தின் சாரமாகிய அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து பெறும் பொருளொன்றைக் கொண்டு ஆக்கினர். ஆலைச் சாயம் மலிந்தது. மணலைக் கிண்டும் தேவை அருகியது.

இன்று காற்றுத் தூரிகையால் துணியில் வண்ணம் தூவும் ஓவியரும், வாங்கும்பொழுது நிறத்தின் அழகை மட்டும் நோக்குதல் போதாது. தாளில் நிற்கும் வண்ணம் துணியிற் கழுவுண்டு போகலாம். துணிக்குரியது இழையைப் பற்றிக்கொள்ளும் பசையுடையதாய், சூடு காட்டி நிலைப்பிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். நிறம் வேறு, அதனை நிறுத்தும் பொருள் வேறு என்பது பழைய சாயக்காரர் கண்ட உண்மை. அவர்க்கு வேர் எடுத்துக் கொடுத்தோரின் பெயர்களோ எந்தச் சீலையிலும் எழுதப்படவில்லை.